வெளியே வராத பாடம்: லெப்டினன்ட் ஜெனரல் பி.எஸ். பகத்தின் வாழ்க்கை

புதுதில்லி:

இந்திய நாடாளுமன்றத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக மறுக்கப்பட்ட ஆவணம் ஒன்று உண்டு. 1962-ஆம் ஆண்டு சீனப் போரில் இந்தியாவுக்கு ஏற்பட்ட பின்னடைவின் காரணங்களை ராணுவமே ஆராய்ந்து எழுதிய அந்த ஆவணத்துக்கு ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கை என்று பெயர். பெயரின் முதல் பாதி பலருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவது பாதிக்கு உரியவரான பிரேமிந்திர சிங் பகத், போர்முனையில் படை நடத்தியவர். பின்னர் ராணுவத்தின் உளவுப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அதன்பின் இளம் அதிகாரிகளை உருவாக்கும் கல்விக்கூடத்தின் தலைவரானவர். எதிரியைப் பற்றிய தகவலை எப்படி மதிப்பிட வேண்டும், அப்படி மதிப்பிடத் தவறினால் என்ன நேரும் என்பதைத் தம் பணி அனுபவத்திலேயே கண்ட மிகச் சிலரில் அவரும் ஒருவர்.

இளமையும் கண்ணிவெடிகளும்:

பகத் 1918-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இன்றைய உத்தரப் பிரதேச மாநிலத்தில் உள்ள ஃபதேகட் நகரில் பிறந்தார். தந்தை அன்றைய ஐக்கிய மாகாணத்தில் அரசுப் பொறியாளர். டேராடூனில் இருந்த ராணுவப் பள்ளியில் பயின்ற பகத், அதே நகரில் உள்ள இந்திய ராணுவ அகாதெமியில் 1937-இல் சேர்ந்தார். 1939 ஜூலையில் பம்பாய் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் இரண்டாம் லெப்டினன்டாக நியமனம் பெற்றார். இரு மாதங்களுக்குள் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது.

1940-இல் அவரது கம்பெனி கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அபிசீனியாவை அப்போது ஆக்கிரமித்திருந்த இத்தாலியப் படைகளை எதிர்த்து, சூடான் எல்லையில் இந்தியப் படைப்பிரிவுகள் போரிட்டுக் கொண்டிருந்தன. பின்னாளில் பர்மா போர்முனையில் பெரும்புகழ் பெற்ற வில்லியம் ஸ்லிம்தான் அங்கு பகத்தின் பிரிகேடியர்.

1941 ஜனவரி 31-ஆம் தேதி இரவு மெத்தெம்மா வீழ்ந்தபின், பின்வாங்கிய எதிரிப் படையை இந்தியப் படைகள் துரத்திச் சென்றன. வழி நெடுகிலும் இத்தாலியர் கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தனர். முன்னணி வாகனத்தில் அமர்ந்து பாதையைச் சோதித்துக் கொடுக்கும் பணி 22 வயதான பகத்துக்குத் தரப்பட்டது. நான்கு நாள்களில் 55 மைல் தொலைவில் 15 கண்ணிவெடிப் புலங்களை அவர் கண்டறிந்து அகற்றச் செய்தார். இரு முறை அவர் சென்ற வாகனம் வெடித்துச் சிதறியது. உடன் இருந்தவர்கள் பாதிக்கப்பட்டனர். மூன்றாவது முறை எதிரிகள் மறைந்திருந்து சுட்டனர். வெடிப்பில் அவரது ஒரு காதின் செவிப்பறை கிழிந்தது.

களைத்துப் போயிருந்த அவரை மாற்றி வேறோர் அதிகாரியை அனுப்ப மேலதிகாரிகள் முன்வந்தனர். பகத் அதை ஏற்கவில்லை. இத்தனை கண்ணிவெடிப் புலங்களைக் கண்டபின், எஞ்சியவற்றைக் கண்டறியும் தகுதி தமக்கே கூடுதலாக உண்டு என்பது அவர் சொன்ன காரணம். எதிரி எங்கே, எப்படிப் புதைக்கிறான் என்ற முறையை அவர் அந்த நான்கு நாள்களில் படித்துவிட்டிருந்தார். இச்செயலுக்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

உளவுப் பிரிவின் தலைவர்:

விடுதலைக்குப் பிறகு படிப்படியாக உயர்ந்த பகத், 1950-களின் பிற்பகுதியில் பிரிகேடியராகிக் காலாட்படைப் பிரிகேடு ஒன்றுக்குத் தலைமை வகித்தார். அங்கிருந்து 1959-இல் தில்லியில் உள்ள ராணுவத் தலைமையகத்துக்கு, ராணுவ உளவுப் பிரிவின் இயக்குநராக வந்தார். படைக்குக் கட்டளையிட்டுக் கொண்டிருந்தவர், பிறர் கட்டளையிடுவதற்குத் தேவையான மதிப்பீட்டைத் தயாரித்துத் தரும் இடத்துக்கு வந்தார். இரண்டும் வேறு வேறு தொழில்கள். படைத் தளபதி முடிவெடுக்கலாம். உளவு மதிப்பீட்டாளரோ முடிவெடுப்பவரை ஏற்கச் செய்ய வேண்டும். அவர் ஏற்காவிட்டால் மதிப்பீடு கோப்பிலேயே தங்கிவிடும்.

பகத் பொறுப்பேற்ற காலம் சாதாரணமானதல்ல. அக்சாய் சின் பகுதி வழியாகச் சீனா அமைத்த சாலை 1957-இல் முடிந்துவிட்டிருந்தது. 1959 ஆகஸ்டில் கிழக்கு எல்லையில் லோங்ஜுவிலும், அக்டோபரில் லடாக்கில் கொங்கா கணவாய் அருகிலும் மோதல்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் நேரு மக்களவையில் சாலை விவகாரத்தை ஒப்புக்கொண்டபோது நாடே அதிர்ந்தது.

அந்நாளில் எல்லைக்கு அப்பாலிருந்து தகவல் திரட்டும் பொறுப்பு உள்துறையின் கீழிருந்த மத்திய உளவுத்துறையிடம் இருந்தது. வெளிநாட்டு உளவுக்கெனத் தனி அமைப்பு அப்போது கிடையாது. 'ரா' அமைப்பு 1968-இல்தான் உருவானது. ராணுவ உளவுப் பிரிவு பெரும்பாலும் பிறர் தரும் தகவலையே நம்பியிருந்தது. ஆனால் எதிரியின் படை எண்ணிக்கை, சாலை வசதி, ஆயுதம், நகர்வுத் திறன் ஆகியவற்றைக் கணக்கிட்டு, அவனால் என்ன செய்ய முடியும் என்று சொல்லும் கடமை அதற்கு இருந்தது.

உளவு மதிப்பீட்டில் இரண்டு கேள்விகள் உண்டு. எதிரியால் என்ன செய்ய முடியும் என்பது ஒன்று. எதிரி என்ன செய்ய விரும்புகிறான் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சாலைகளும் பாசறைகளும் விடை சொல்லும். இரண்டாவது, எதிரியின் மனத்தில் இருப்பது. அது ஒரே நாளில் மாறக்கூடியது. அந்த இரண்டாவது கேள்விக்கு நாம் விரும்பும் விடையை எழுதிக்கொண்டு, முதல் கேள்வியை ஒதுக்கிவைப்பதே பெரும்பாலான தோல்விகளின் தொடக்கம்.

1959-60-ஆம் ஆண்டுக்கான ராணுவத்தின் உளவு மதிப்பாய்வு, தங்கள் பிடியில் உள்ள பகுதியை மீட்க முயன்றால் சீனர்கள் படைபலத்தைக் கொண்டு எதிர்ப்பார்கள் என்று தெளிவாகக் கூறியிருந்தது. மத்திய உளவுத்துறையின் கருத்தோ இதற்கு நேர் எதிரானது. நாம் புதிய காவல் நிலைகளை அமைத்தாலும் சீனா படைபலத்தைப் பயன்படுத்தாது என அத்துறை கருதியது.

1961-இல் பகத்தின் பதவிக்காலம் முடிந்தது. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் தேதி பிரதமர் தலைமையில் நடந்த கூட்டத்தில் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், ராணுவத் தலைமைத் தளபதி தாப்பர், உளவுத்துறை இயக்குநர் மல்லிக் உள்ளிட்டோர் பங்கேற்றனர். எல்லையில் முடிந்தவரை முன்னேறிக் காவல் நிலைகளை அமைப்பது என்று அங்கு தீர்மானிக்கப்பட்டது. அந்நிலைகளுக்குப் பின்னால் வலுவான படைத்தளங்களும் இருக்க வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் மற்றொரு பகுதி. நிலைகள் அமைந்தன, பின்பலம் அமையவில்லை.

டேராடூனில் ஆசிரியர்:

1962-ஆம் ஆண்டு நடுப்பகுதியில் பகத் இந்திய ராணுவ அகாதெமியின் தலைவரானார். தாம் பயின்ற அதே டேராடூன் வளாகத்துக்கு, 25 ஆண்டுகளுக்குப் பின் திரும்பினார். சில மாதங்களில் போர் மூண்டது. அக்டோபர் 20-ஆம் தேதி சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் ஒரே நேரத்தில் தாக்கின. நவம்பர் 21-ஆம் தேதி சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்தபோது, இந்திய ராணுவம் வரலாறு காணாத பின்னடைவைச் சந்தித்திருந்தது. கிருஷ்ண மேனன் பதவி இழந்தார். ஒய்.பி. சவாண் பாதுகாப்பு அமைச்சரானார்.

ராணுவத்துக்கு அவசரமாக ஆயிரக்கணக்கான இளம் அதிகாரிகள் தேவைப்பட்டனர். சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி 1963-இல் தொடங்கப்பட்டது அந்தத் தேவையால்தான். நீண்ட காலம் நடந்த பயிற்சிகள் குறுகிய காலத்தில் முடிக்கப்பட வேண்டியிருந்தன. என்ன கற்பிப்பது என்ற கேள்வி, போரில் தோற்றது ஏன் என்ற கேள்வியோடு பிணைந்திருந்தது.

இந்நிலையில்தான், புதிய ராணுவத் தலைமைத் தளபதி ஜெ.என். சௌத்ரி 1962 டிசம்பரில் ஒரு விசாரணைக்கு உத்தரவிட்டார். ஜலந்தரில் இருந்த 11-வது கோர் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ் அதற்குத் தலைவர். அகாதெமியின் தலைவராக இருந்த பிரிகேடியர் பகத் அதன் உறுப்பினர். பயிற்சி, தளவாடங்கள், கட்டளை முறை, வீரர்களின் உடல்தகுதி, அதிகாரிகள் தம் கீழுள்ளோரை வழிநடத்தும் திறன் ஆகிய ஐந்தை மட்டும் ஆராயுமாறு கூறப்பட்டது. ராணுவத் தலைமையகத்தின் செயல்பாடு விசாரணைக்கு வெளியே வைக்கப்பட்டது. அமைச்சகத்தின் கோப்புகளும் உளவுத்துறையின் கோப்புகளும் அவர்களுக்குத் தரப்படவில்லை.

பகத்தின் நிலை இங்கு விசித்திரமானது. சில ஆண்டுகளுக்கு முன் அவர் தலைமை வகித்த பிரிவின் மதிப்பீடும் விசாரணையின் ஆவணங்களில் ஒன்றாகிவிட்டது. கட்டுப்பாடுகள் இருந்தபோதும், கீழ்மட்டத்தில் நடந்தவற்றை மேல்மட்ட முடிவுகளிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். கிடைத்த ஆவணங்களைக் கொண்டே முன்னேற்றக் கொள்கை உருவான விதத்தை அவர்கள் பதிவு செய்தனர். 1963-இல் அறிக்கை ராணுவத் தலைமைத் தளபதியிடம் தரப்பட்டது.

மக்களவையில் சவாண்:

1963 செப்டம்பர் 2-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் சவாண் விசாரணை முடிவுகள் குறித்து நாடாளுமன்றத்தில் அறிக்கை அளித்தார். முழு அறிக்கையை வெளியிடுவது பாதுகாப்புக்கு உகந்ததல்ல என்று கூறிய அவர், அதன் சாரத்தை எடுத்துரைத்தார். உளவு குறித்து அவர் கூறியவை இன்றும் படிக்கத் தக்கவை.

தகவல் திரட்டும் பணி பொதுவாக நிறைவளிக்கவில்லை என்றும், தகவல்கள் தாமதமாகவும் தெளிவின்றியும் வந்தன என்றும் அவர் ஒப்புக்கொண்டார். கிடைத்த தகவலை மதிப்பிட்டதிலும் துல்லியம் இல்லை. எதிரி புதிதாகக் குவித்த படைகளைப் பழைய நிலைகளோடு பொருத்திப் பார்க்கும் முயற்சி நடக்கவில்லை. மதிப்பிட்ட தகவலும் போர்முனையில் இருந்தவர்களுக்கு உரிய வேகத்தில் போய்ச் சேரவில்லை. திரட்டுதல், மதிப்பிடுதல், கொண்டு சேர்த்தல் என்ற மூன்று படிகளிலும் குறை இருந்தது. ராணுவ உளவு அமைப்பு முழுவதும் சீரமைக்கப்பட வேண்டும் என்பது முடிவு.

பயிற்சியைப் பற்றிய பகுதி அதைவிட முக்கியமானது. அடிப்படைப் பயிற்சியில் குறை இல்லை. ஆனால் சீனர்களின் போர்முறை, ஆயுதங்கள், திறன் ஆகியவை பற்றிய அறிவு நம் வீரர்களுக்குப் போதிய அளவில் ஊட்டப்படவில்லை. எதிரியை அறிந்திருப்பதே வீரனுக்கு நம்பிக்கையைத் தரும் என்று அந்த அறிக்கை கூறியது. உளவு என்பது தில்லியில் சிலர் படிக்கும் ரகசியக் கோப்பு என்ற எண்ணத்திலிருந்து, வகுப்பறையில் ஒவ்வோர் இளம் அதிகாரியும் கற்க வேண்டிய பாடம் என்ற எண்ணத்துக்கு இதன்மூலம் ராணுவம் நகர்ந்தது. எதிரியைப் படித்தே 55 மைல் பாதையைத் திறந்த ஒருவர் அந்த விசாரணையில் இருந்தார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

எழுத்தும் மீண்டும் படையும்:

பகத் ஆசிரியப் பணியிலேயே தங்கிவிடவில்லை. மேஜர் ஜெனரலாகி மலைப் பகுதியில் ஒரு டிவிஷனை வழிநடத்தச் சென்றார். பின்னர் ஜலந்தரில் 11-வது கோருக்குத் தளபதியானார். ஹெண்டர்சன் புரூக்ஸ் முன்பு வகித்த அதே பதவி அது. ஆனால் கற்பிக்கும் வேலையை எழுத்தில் தொடர்ந்தார். பணியில் இருந்தபோதே இந்தியாவின் பாதுகாப்பு குறித்து 'ஃபோர்ஜிங் த ஷீல்ட்' என்ற நூலையும், 1965 பாகிஸ்தான் போருக்குப் பின் 'த ஷீல்ட் அண்ட் த ஸ்வோர்ட்' என்ற நூலையும் எழுதினார். ரகசிய அறிக்கையில் சொன்னவற்றைப் பொதுவெளியில் சொல்ல முடியாத அதிகாரி ஒருவருக்குத் திறந்திருந்த வழி அது.

1972-இல் வடக்குப் பிராந்தியப் படைத் தலைமையகம் உதம்பூரில் உருவாக்கப்பட்டபோது அதன் முதல் தளபதி பகத்தான். சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின் ஜம்மு காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டை வரையறுக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. பாகிஸ்தான் தரப்பில் லெப்டினன்ட் ஜெனரல் அப்துல் ஹமீது கான் பேச்சு நடத்தினார். பல மாதப் பேச்சுக்குப் பின் 1972 டிசம்பர் 11-ஆம் தேதி சுசேத்கட்டில் இருவரும் வரைபடங்களில் கையெழுத்திட்டனர். எல்லைக் காவலர்கள் இன்றும் அந்தக் கோட்டையே காக்கின்றனர். என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு அக்கோடு நின்றது. அதற்கு அப்பால் உள்ள பனிப்பகுதியில் யாரும் போரிடப் போவதில்லை என்று அன்று இரு தரப்பும் கருதின. 1984-இல் சியாச்சின் அக்கணிப்பைப் பொய்யாக்கியது. எதிரியின் நோக்கத்தைக் கணிப்பது எத்தனை கடினம் என்பதற்கு அவர் கையெழுத்திட்ட வரைபடமே ஒரு சான்றாகிவிட்டது.

கைநழுவிய பதவி:

1973 ஜனவரியில் மானெக்ஷாவுக்குப் பின் ஜெனரல் பேவூர் ராணுவத் தலைமைத் தளபதியானார். அவருக்கு அடுத்து பகத் அப்பதவிக்கு வருவார் என்று ராணுவ வட்டாரங்களில் பரவலாக எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 1974-இல் பேவூரின் பதவிக்காலத்தை இந்திரா காந்தி அரசு நீட்டித்தது. அந்த நீட்டிப்பு முடியும் முன்பே பகத்தின் ஓய்வு வயது வந்துவிட்டது. சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும் தளபதியைத் தவிர்ப்பதற்காகவே நீட்டிப்பு தரப்பட்டது என்று அப்போதும் பின்னரும் விமர்சனம் எழுந்தது. அரசு அப்படி ஒரு காரணத்தைச் சொல்லவில்லை.

ஓய்வுக்குப் பின் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்று, நலிந்திருந்த மின் உற்பத்தியைச் சீர்செய்யும் பணியில் பகத் இறங்கினார். ஓராண்டு நிறைவதற்குள், 1975 மே 23-ஆம் தேதி கொல்கத்தாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. பேவூர் பதவியிலிருந்து விலகியது அதற்கு எட்டு நாள்கள் கழித்துத்தான்.

இரு அறிக்கைகள், இரு விதிகள்:

1962-க்குப் பின் உளவு மதிப்பீட்டைத் தனித் துறையாகக் கற்கும் முயற்சிகள் தில்லியில் வேரூன்றின. முப்படைகளின் கீழிருந்த கூட்டு உளவுக் குழு 1965-இல் அமைச்சரவைச் செயலகத்துக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. மேஜர் ஜெனரல் சோம் தத் என்ற படை அதிகாரியே அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1968-இல் வந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம்.

அதே சுப்ரமணியத்தின் தலைமையில்தான் 1999-இல் கார்கில் ஆய்வுக் குழு அமைந்தது. எதிரி அங்கு வரமாட்டான் என்ற அனுமானம் மீண்டும் ஒருமுறை பொய்த்திருந்தது. இம்முறை அரசு வேறு வழியைக் கையாண்டது. சில பகுதிகள் நீக்கப்பட்டபோதும், குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, நூலாகவும் வெளிவந்தது. அமைச்சர்கள் குழு ஆராய்ந்தது. 2002-இல் முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை உருவானது. நாட்டுக்கு அதனால் கேடு ஏதும் விளைந்துவிடவில்லை.

பகத் கையெழுத்திட்ட அறிக்கையின் விதி வேறு. 2009-இல் மத்திய தகவல் ஆணையம் அதை வெளியிட உத்தரவிட மறுத்தது. 2010-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி, அதன் உள்ளடக்கம் இன்றும் ராணுவ நடவடிக்கைகளுக்குப் பயன்படக்கூடியது என்று நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். 2014 மார்ச்சில் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அறிக்கையின் முதல் தொகுதியில் பெரும்பகுதியை இணையத்தில் வெளியிட்டார். அப்போது எதிர்க்கட்சியில் இருந்த அருண் ஜேட்லி, காலவரையறையின்றி இதை ரகசியமாக வைத்திருப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று எழுதினார். சில மாதங்களில் ஆட்சி மாறி அவரே பாதுகாப்பு அமைச்சரானார். அவ்வாண்டு ஜூலையில் மாநிலங்களவையில் அளித்த பதிலில், அறிக்கையை வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று அவர் கூறினார். இந்த ஒரு விஷயத்தில் ஆளும்கட்சி என்ற இடமே கட்சிகளின் நிலைப்பாட்டைத் தீர்மானித்திருக்கிறது.

இரண்டாம் தொகுதி குறித்தும், வெளிவராத பக்கங்கள் குறித்தும் ஊகங்களே உலவுகின்றன. இதில் பாதிக்கப்பட்டது பகத்தின் பெயர் மட்டுமல்ல. தகவலை மதிப்பிடுபவர், மேலே உள்ளோருக்குப் பிடிக்காத முடிவை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் சொந்த உதாரணம் அந்த ஆவணம். பரங்கிமலையிலும் டேராடூனிலும் குன்னூர் அருகே வெலிங்டனிலும் பயிலும் அதிகாரிகள், தம் நாட்டின் மிகப் பெரிய உளவு மதிப்பீட்டுத் தவறை அரசு அதிகாரபூர்வமாகத் தரும் ஆவணத்திலிருந்து படிக்க இயலாமல், அயல்நாட்டுப் பத்திரிகையாளர் கசியவிட்ட பக்கங்களிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தபோது, எதிரியின் படைக்குவிப்பு உரிய காலத்தில் சரியாக மதிப்பிடப்பட்டதா என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. 1963-இல் சவாண் அவையில் ஒப்புக்கொண்ட மூன்று குறைகளில் எவையெவை களையப்பட்டன என்பதை அறிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. அதற்கு முதலில் வேண்டியது, பகத்தும் புரூக்ஸும் எழுதியதை அவர்கள் முழுமையாகப் படிப்பது. கார்கில் அறிக்கையைப் போல உண்மையிலேயே ரகசியமான பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை அவையில் வைக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை. அதைச் செய்யும் அரசுக்காக அந்த அறிக்கை 1963 முதல் காத்திருக்கிறது.